அப்பாவுக்கு ஒரு முகம்

என் முகத்தில் முதன்முதலாக மீசை முளைத்தது வவுனியாவில், ஒரு கணினிக்குள். அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள மரியாதைக்காக. உண்மையில் நான் அங்கே போய் வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு படிப்பும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். இரண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை.

இன்றைக்குக் கிளிநொச்சிப் பக்கத்தில் கலியாண வீடுகளுக்குக் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். "தம்பி, ஆளின்ர குணம் படத்தில தெரியோணும்" என்பார்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர். குணம் தெரிந்தால் பொம்பிளை வீட்டுக்காரர் எழும்பிப் போய்விடுவார்களே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, "ஓம் ஐயா" என்பேன். குணத்தைப் படம் பிடிப்பது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வவுனியா நாளில் தெரிந்ததுதான். அன்று நான் கமராவுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தேன்.

எங்களுக்கு அப்பாவின் படம் ஒன்று தேவைப்பட்டது. அப்பா கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். எனக்கு அப்போது மூன்று வயது. அடையாள அட்டை அவருடைய சட்டைப் பையோடு போய்விட்டது. அம்மா என்னை ஒரு தோளிலும் உடுப்புப் பையை மற்றத் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு களப்புத் தண்ணீரைக் கடந்து வந்தவர். பையின் அடியில் கலியாண அல்பம் இருந்தது. நான் நனையவில்லை. அல்பம் நனைந்துவிட்டது. "அல்பத்தைத் தோளில வைச்சு, இவனைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் அக்கா" என்று மாமா சொல்வார். மாமா அம்மாவின் தம்பி. அவர் பகிடியாகச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

அகதி முகாமில் வைத்து அம்மா அல்பத்தைப் பிரித்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. உரித்து எடுத்ததில் ஒன்றே ஒன்றுதான் படம் என்று சொல்லும்படி வந்தது. அதில் அம்மாவின் முகம் இருந்தது. ஐயரின் தொப்பை முழுசாக இருந்தது. அப்பாவுக்கும் கழுத்துவரை ஒரு குறையும் இல்லை. பட்டு வேட்டி, மாலை, கையில் மோதிரம், எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேல் வெள்ளை. முகம் முன் படத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போய், அங்கே சாயமாகக் கரைந்துவிட்டது.

ஜெயபுரத்தில் குடியேறி, வயலை மறுபடி உழத் தொடங்கிய பிறகும் அந்தப் படம் அலுமாரிக்குள்தான் கிடந்தது. காணாமல் போனவர்களின் சொந்தக்காரர்கள் கிளிநொச்சியில் தெருவோரம் தறப்பாள் கொட்டகை போட்டு உட்காரத் தொடங்கியதும்தான் தொல்லை வந்தது. அம்மாவும் போய் உட்கார்ந்தார். அங்கே ஒவ்வொரு பெண்ணின் மடியிலும் ஒரு படம் இருந்தது. மகன், புருஷன், சிலருக்கு இரண்டு மூன்று. அம்மா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்:

"நீங்கள் ஆருக்குத் துணையா வந்தனீங்கள் பிள்ளை?"

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனவர், அடுப்பு மூட்டாமலே இருந்தார். எனக்குப் பசி. பசி என்றால் பெரிய கவலை என்று எண்ணிக்கொண்டிருந்த வயது. மாமா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, வவுனியாவில் ஒரு ஸ்டூடியோக்காரர் இருக்கிறார், முகமில்லாதவர்களுக்கு முகம் வைத்துக் கொடுக்கிறார் என்றார்.

"எங்கையிருந்து எடுத்து வைப்பார்?" என்று அம்மா கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார்.

போகும் வழியில் புளியங்குளம் சந்தியில் அத்தையும் பஸ்ஸில் ஏறினார். அத்தை அப்பாவின் தங்கை. அப்பாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு இறங்கி வந்தவர்கள். அம்மாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரையும் காணியையும் நம்பி வந்தவர்கள். வந்த இடம் ஒன்றுதான், வந்த காரணம் வேறு. அதனால் மாமாவுக்கு அந்தக் கலியாணம் பிடிக்கவேயில்லை. அப்பா காணாமல் போன பிறகு அவரைப் பிடிக்காமல் இருப்பது நாகரிகமில்லை என்று மாமாவுக்குத் தெரியும். என்றாலும் பழக்கம் விடவில்லை.

ஸ்டூடியோக்காரர் மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கலியாணப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உடம்பு வடிவா இருக்கு. முகம்தான் இல்லை. உங்களுக்குப் பறவாயில்லை அக்கா, இரண்டும் இல்லாமலும் சனம் வருது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வீட்டில மாட்டவோ, தேடவோ?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. ஸ்டூடியோக்காரர் விளக்கினார். மாட்டுவதற்கென்றால் கழுத்தில் மாலை இருக்கட்டும். தேடுவதற்கென்றால் மாலையை எடுத்துவிட வேண்டும். மாலையோடு ஒரு படத்தைக் கொண்டு போய்க் காட்டினால், ஆளைத் தேட வேண்டாம் என்று நாங்களே சொல்வது மாதிரி ஆகிவிடும்.

"அது கலியாண மாலை" என்றார் அம்மா.

"எனக்குத் தெரியும் அக்கா. பாக்கிற ஆக்களுக்குத் தெரியாதே."

"எடுத்துவிடுங்கோ."

எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சட்டை ஒன்று வேண்டும். கணினிக்குள் கோட்டும் டையும் தயாராக இருந்தன. எனக்குப் பிடித்திருந்தது. என்னுடைய அப்பா கோட்டுப் போட்டவர் என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதத்துக்காவது கதை விடலாம். அத்தைதான் கெடுத்தார். "எங்கண்ணன் கொழுந்து கூடைக்கு அடியில வளந்ததுங்க. கோட்டெல்லாம் வேணாம், வெள்ளச் சட்ட போதும்."

பிறகு முகம். என்னைத் துணி கட்டிய சுவருக்கு முன்னால் ஒரு முக்காலியில் ஏற்றி வைத்தார்கள். இரண்டு பக்கமும் விளக்குகள். எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. எங்கள் வகுப்பில் பள்ளிக்கூட அதிபரைப் போல நடப்பேன், கோயில் ஐயரைப் போல மூக்கால் மந்திரம் சொல்வேன், பஸ் நடத்துனரைப் போல ஒற்றைக் காலில் தொங்குவேன். கணக்குத் தவிர எல்லாம் வரும். ஒரு அப்பாவைச் செய்து காட்டுவது என்ன பெரிய வேலை?

"மீசையை நான் வைக்கிறன், தாடையைக் கொஞ்சம் அகட்டுறன்" என்றார் ஸ்டூடியோக்காரர். "முகத்துக்கு வயசு போடலாம். பார்வைக்கு வயசு போடேலாது. அது இவன்தான் தரோணும். ஆள் எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

"மூக்கு இவனைவிடக் கொஞ்சம் நீளம்" என்று தொடங்கினார் மாமா.

"மூக்கைச் சொல்லாதேங்கோ. ஆளைச் சொல்லுங்கோ. வீட்டுக்கு ஆரும் வந்தால் எப்பிடி இருப்பார்? கோவம் வந்தால் என்ன செய்வார்?"

"கோவமோ? அவருக்கோ?" மாமா சிரித்தார். "எப்ப பாத்தாலும் பகிடி. ஒருநாள் என்ர சைக்கிளைக் கேட்டு வந்தார். இல்லையெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அதுக்குள்ள ஒரு பகிடி விட்டார். சிரிச்சு முடியப் பாத்தால் சைக்கிளைக் காணேல்லை."

அத்தை மாமாவை யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "யாரச் சொல்றீங்க? எங்கண்ணன் சிரிச்சு நான் பாத்ததே இல்லிங்க. சாப்புடறப்பகூடத் தலையக் குனிஞ்சுக்கிட்டே இருக்கும். நாலு வார்த்த பேசினா அன்னிக்கு மழ பெய்யும்."

"அது உங்கட வீட்டில. எங்கட வீட்டில அவர் வாயை மூடினதை நான் காணேல்லை."

"ஒங்க வீட்டுல பயந்துக்கிட்டுப் பேசியிருக்கும்."

ஸ்டூடியோக்காரர் அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ஆனா கண்டால் சொல்லுவன்" என்றார்.

ஆக இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். எனக்கு மாமாவின் அப்பாதான் பிடித்தது. அவர் என்னைப் போலவே இருந்தார். பல்லைக் காட்டி, ஒரு புருவத்தைத் தூக்கி, சைக்கிளை அடித்துக்கொண்டு போன முகத்தை வைத்தேன். விளக்கு மின்னியது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எங்கண்ணன் இல்ல" என்றார். சரி என்று தலையைக் குனிந்து அத்தையின் அப்பாவைச் செய்தேன். மறுபடியும் மின்னியது.

"இது கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில பிடிபட்ட கள்ளன்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு எனக்குள் இருந்த சரக்கு எல்லாவற்றையும் இறக்கினேன். யோசிக்கிற அப்பா, வயல் பார்க்கிற அப்பா, அரிசி மூட்டை தூக்கின அப்பா. ஸ்டூடியோக்காரர் ஒவ்வொன்றுக்கும் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று. எனக்கு வேர்த்து ஊற்றியது. மாமா என்னிடம், "டேய் கோமாளி, ஒருக்காலாவது மனிசன் மாதிரி இரன்டா" என்று கத்தினார். மனிசன் மாதிரி எப்படி இருப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு அவரைப் பார்த்தும் பழகியிருக்க முடியாது.

கடைசியில் அம்மா எழுந்தார். கையில் இருந்த பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைத் தள்ளி, தெருவில் இறங்கினார். என்னைக் கூப்பிடவில்லை. மாமாவும் அத்தையும் வாதத்தில் இருந்தபடியால் கவனிக்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். அம்மாவின் முதுகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே தூரப் போனது. முக்காலியிலிருந்து இறங்கினால் ஸ்டூடியோக்காரர் ஏசுவாரோ என்று பயம். இறங்காவிட்டால் அம்மா போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம். கூப்பிட வாய் வரவில்லை. வாழ்க்கையில் என் வாய் எனக்கு உதவாமல் போன முதல் தடவை அதுதான்.

அம்மா தெரு விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தார்.

விளக்கு மின்னியது.

அம்மா ஓடி வந்தார். உண்மையாகவே ஓடி வந்தார், பை எங்கேயோ விழுந்தது. "இதுதான்! இதுதான் அவர்! இப்ப எடுத்ததை எனக்குக் காட்டுங்கோ!" ஸ்டூடியோக்காரர் கமராவின் பின்பக்கத்தைக் காட்டினார். மாமா எட்டிப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அன்று முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

எனக்கு எரிச்சல். நான் கஷ்டப்பட்டு நடித்ததெல்லாம் வீண், நடிக்காமல் இருந்த ஒன்றைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறார்களே என்று.

படம் வந்தது. மீசை, அகன்ற தாடை, வெள்ளைச் சட்டை. ஆனால் கண்கள் என்னுடையவை. அம்மா அதைச் சட்டம் போட்டுக் கொட்டகைக்குக் கொண்டு போய் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒருவரும் அவரிடம் யாருக்குத் துணை என்று கேட்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கூடப் போவேன். என் படத்தை அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எனக்கு ஒரு மிதப்பு. போகிற வருகிற சனத்தின் கண்ணில் படும்படி சட்டத்தைக் கொஞ்சம் நிமிர்த்தியும் விடுவேன்.

ஒருநாள் அங்கே ஒருவர் வந்தார். தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் பல காலம் இருந்துவிட்டு வெளியே வந்தவராம். அந்தச் செய்தி போதும், பெண்கள் எல்லோரும் படங்களோடு அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். எங்கள் படத்துக்கு வந்ததும் நின்றார். சட்டத்தை வாங்கிக் கிட்டப் பிடித்தார்.

"இவரைக் கண்டனான் அக்கா."

அம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. நகம் இறங்கியது.

"வடிவாப் பாருங்கோ தம்பி."

"பேர் தெரியாது. ஆனா இந்தப் பார்வையை மறக்கேலாது. எங்கட பக்கத்து அறையில இருந்தவர்."

"எப்பிடி... எப்பிடி இருந்தவர்?"

"ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார் அக்கா. கதவைத்தான் பாத்துக்கொண்டிருப்பார்."

நான் அம்மாவுக்குப் பின்னால் பதுங்கி முகத்தைக் கோணலாக்கிக்கொண்டேன். அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? ஆனால் நெஞ்சுக்குள் பெருமை பொங்கியது. நான் வவுனியாவைத் தாண்டிப் போனதில்லை. என்னைத் தெற்கில் ஒருவர் கண்டிருக்கிறார்! ஒரு நடிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பொம்பிளையைக் காரில் ஏற்றி அனுப்பும்போது நான் கமராவைத் தாய்மாரின் பக்கம் திருப்புவேன். கார் நகர்ந்து, மகள் ஒருதரம் திரும்பிப் பார்க்கிற அந்த நேரம், வாயாடித் தாய்க்கும் வாய் திறக்காத தாய்க்கும் ஒரே முகம்தான் வருகிறது. அது யாருடைய குணமும் இல்லை. பின்னால் நிற்கிறவரின் முகம். கடைசி நாளில் சனத்தோடு சனமாக அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அப்பா, "நீ பிள்ளையைக் கொண்டு போ, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு களப்பின் அந்தப் பக்கத்தில் நின்றாராம். அம்மா திரும்பிப் பார்த்தாராம். அந்தத் தடுப்பில் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு அதே முகம் இருந்திருக்கும்.

அந்த மனிதர் வந்த அன்று வீட்டில் அம்மா மீன் வாங்கிக் குழம்பு வைத்தார். அத்தைக்குப் போன் எடுத்துச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அத்தை அழுத சத்தம் எனக்கும் கேட்டது. பின்னேரம் மாமா வந்தார். கதையைக் கேட்டுவிட்டுப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, அந்தாள் கண்டது இவன்ர முகத்தை."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்..."

"அங்கையே தெரியும்" என்றார் அம்மா. "பஸ்ஸில ஏறினாப் பிறகு வேறயொண்டும் தெரிஞ்சுது. நாளைக்கு ஆராவது உண்மையா அவரைக் கண்டவன் வருவான். இந்தப் படத்தைக் காட்டுவன். அவன் பாத்திட்டு, இல்லை, இவரைக் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போவான். அவனை நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கோ இதில் என்ன கஷ்டம் என்று விளங்கவில்லை. படம் சரியில்லை என்கிறார்கள், அவ்வளவுதானே?

"நான் இன்னொருக்கா படத்துக்கு இருக்கிறன் அம்மா. இந்த முறை குழப்படி செய்யாமல் வடிவா இருக்கிறன்" என்றேன்.

மாமா தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாளும் அம்மா அதே படத்தைத்தான் கொட்டகைக்குக் கொண்டு போனார். வேறு என்ன செய்வார்? பிழையான முகத்தோடு உட்காரலாம். வெறும் மடியோடு உட்கார முடியாது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். அம்மா கொட்டகைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று வீட்டில் இருந்தார். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நித்திரை என்று நினைத்து, சத்தமில்லாமல் சீனிப் போத்தலைத் திறக்கப் போனேன். அம்மாவின் இமைகள் அசைவதைக் கண்டேன். கணக்குப் போடும்போது வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அசைகிற மாதிரி.

"நித்திரையோ அம்மா?"

"இல்லை. கொப்பாவின்ர முகத்தை ஞாபகப்படுத்திப் பாக்கிறன். அந்தப் படத்துக்கு முந்தி இருந்த முகத்தை."

"வருதோ?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணை மூடினால் நீதான்டா வாறாய்."

கண்ணை மூடினாலும் அம்மாவுக்கு நான்தான் தெரிகிறேன்! உலகத்தில் எந்தத் தாயாவது ஒரு பிள்ளையிடம் இதைவிட ஆசையாக ஒன்றைச் சொல்லியிருப்பாளா? எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சீனிப் போத்தலை மூடி வைத்தேன். வேலிக்கு வேலி ஓடி, பக்கத்து வீட்டுப் பொடியன்களிடம் எல்லாம் சொன்னேன். திரும்பி வந்து அம்மாவின் காலடியில், கண்ணைத் திறந்தாலும் என்னைத்தான் பார்க்க வேண்டும் என்பதற்காக, பொழுது சாயும்வரை ஒரு குழப்படியும் செய்யாமல், சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.